லினன் ரூமில் அழுவது யார்?

"தம்பி, இன்னைக்கும் அழறாங்க," என்றது தொலைபேசி.

டூட்டி சார் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டாம் மாடிக் கடைசி அறை அம்மாவின் குரல் அது. கண் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லும்வரை தங்கியிருக்கிறார். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. படிக்க முடியாது, டிவி பார்க்கக் கூடாது. மிச்சமிருந்தது காது ஒன்றுதான். அதை அவர் முழுநேரமும் வேலை வாங்கினார்.

"யாரும்மா அழறாங்க?"

"அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்கறேன்? என் தலைமாட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தா ஆரம்பிக்குது. விம்மி விம்மி. கேட்டா எனக்கும் அழுகை வருது. நான் அழவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் தம்பி."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது லினன் ரூம். வெளுத்து வந்த விரிப்புகளும் டவல்களும் கூரை வரை அடுக்கிய, ஜன்னல் இல்லாத அறை. சலவைக்கார அக்கா, மாடி கூட்டும் பையன் ஒல்லி, சர்வீஸ் லிஃப்ட்டில் ஏறி இறங்கும் யாராக இருந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டூட்டி சாரே அங்கே ஒரு டவல் மூட்டையில் கொஞ்ச நேரம் முதுகைச் சாய்ப்பார். அந்த ஹோட்டலில் தொலைபேசி இல்லாத இடம் அது ஒன்றுதான். இப்போதும் அங்கிருந்துதான் எழுந்து வந்திருந்தார். கன்னத்தில் டவலின் வரிகள் பதிந்திருந்தன.

"நானே இப்ப அந்தப் பக்கந்தான்மா இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலையே?"

"அப்ப நீ உன் காதைக் காட்டணும் தம்பி," என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

டூட்டி சார் அந்த ஹோட்டலின் டூட்டி மேனேஜர். இன்னொரு டூட்டி மேனேஜரும் இருந்தார். ஒரு நாள் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அதிலிருந்து காலையிலும் இவர்தான் டூட்டி, மாலையிலும் இவர்தான் டூட்டி. மழைக்காலம் வேறு. பாதி அறைகள் காலி, எல்லாச் சுவரிலும் ஈரம், மொத்தக் கட்டடத்திலும் காயாத துணியின் வாடை. வந்திருக்கும் சில விருந்தாளிகளும் வெயில் இல்லாததற்கு இவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அழுகை விஷயத்தை அம்மா அவரோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் "வசதியெல்லாம் எப்படிம்மா?" என்று மரியாதைக்குக் கேட்ட ஜெனரல் மேனேஜர் ஜி.எம்.மிடமும் சொல்லிவிட்டார்.

ஜி.எம். அறைக் கதவில் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. மேலே, 'மனம் திறந்து பேசுங்கள், உங்கள் மனநலமே எங்கள் பலம்.' கீழே, 'அனுமதியின்றி உள்ளே வராதீர்.' டூட்டி சார் அனுமதி கேட்டு உள்ளே போனார்.

"யாருய்யா அது அழறது?"

"தெரியல சார்."

"தெரியாம என்ன மேனேஜர் நீ? அடுத்த வாரம் தலைமை ஆபீஸ்லேர்ந்து வராங்க. 'மகிழ்ச்சியான பணியிடம்'னு சான்றிதழ் குடுக்கப் போறாங்க. பத்திரிகைக்குப் போட்டோகூட எடுத்தாச்சு. இந்த நேரத்துல சுவத்துக்குப் பின்னாடி ஒப்பாரியா? ஆளைக் கண்டுபிடிச்சு ஓய்வுல அனுப்பு."

"எத்தனை நாளைக்கு சார்?"

"மனசு சரியில்லாதவங்க. அவசரப்படுத்தக் கூடாது. ஒரேயடியா ஓய்வு எடுக்கட்டும்."

ஜி.எம்.மிடம் வாங்கியதை அப்படியே கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தை டூட்டி சாருக்குக் கைவந்ததே இல்லை. படி இறங்குவதற்குள் பாதி மறந்துவிடும், மீதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். 'அந்த மடையன்கிட்ட சூப்புல உப்பு அள்ளிக் கொட்ட வேணாம்னு சொல்லு' என்று மேலே கிளம்புவது, சமையலறையை அடையும்போது 'மாஸ்டர், இன்னைக்கு சூப்புல உப்பு ஒரு இழை தூக்கலோ?' என்று ஆகியிருக்கும். வேலை வாங்கத் தெரியாதவர் என்று ஜி.எம். அவரைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

அன்று மாலை சமையலறையில் எல்லோரையும் கூட்டினார். மாஸ்டர், சலவைக்கார அக்கா, ஒல்லி, வாசலில் நிற்கும் மீசைக்கார செக்யூரிட்டி, தொட்டியடியில் பாத்திரம் கழுவும் பெண். அவள் வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம்.

"இங்க யாரோ அழறீங்க," என்று ஆரம்பித்தார். "தப்பில்ல. மனுஷங்க அழத்தான் செய்வாங்க. ஆனா யாருன்னு தெரியணும்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒல்லியின் கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் கை நடுங்கும் என்று டூட்டி சார் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"நம்ம தொழில்ல இதெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது. போன சீசன்ல என்ன நடந்துச்சு? ரூம் ரெடியாகலன்னு ஒரு கெஸ்ட் சூடு காபியை எம்மேல ஊத்தினாரு. ஹால் முழுக்க ஆளுங்க. அதே சட்டையோட ஜி.எம். என்னைக் கூட்டிட்டுப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சாரு. நான் அழுதேனா? சர்க்கரை போடாத காபி, நல்லவேளை சட்டை பிசுபிசுக்கலன்னு சிரிச்சுட்டுப் போயிட்டேன்ல?"

சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தார். கூடச் சிரிக்க யாருமில்லை.

"கண்டுபிடிச்சா அவங்களை என்ன சார் பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

பொய் சொல்ல அவருக்கு வராது. "ஓய்வு," என்றார்.

அந்த ஹோட்டலில் ஓய்வுக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் அழுகைச் சத்தம் இல்லை. ஆனால் தொலைபேசி அடித்தது.

"தம்பி, அழுகை நின்னுடுச்சு. ஆனா என் கதவுக்கு வெளியில ஏதோ விமானம் எறங்குதே?"

டூட்டி சார் ஓடிப்போய்ப் பார்த்தார். லினன் ரூமுக்கும் அம்மாவின் கதவுக்கும் நடுவே ஒல்லி தூசி உறிஞ்சும் மிஷினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையிலேயே சுத்தம் செய்த இடம் அது.

"என்னப்பா இது, எல்லாரும் தூங்கற நேரத்துல?"

"தூசி சார். பயங்கரத் தூசி."

மிஷினைப் பிடுங்கிப் பூட்டினார். அதற்கடுத்த நாள் சலவைக்கார அக்காவின் ரேடியோ அலறியது. ரேடியோவை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கும் அடுத்த நாள் மாஸ்டர் சர்வீஸ் லிஃப்ட்டில் ஏறி வந்து, சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நீங்க எப்ப பிளம்பர் ஆனீங்க?"

"தண்ணி சொட்டுது சார்."

"எங்க சொட்டுது?"

மாஸ்டர் குழாயைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "நின்னுடுச்சு சார்," என்றார்.

மதிய நேரத்தில் இரண்டாம் மாடியில் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று டூட்டி சார் கண்டிப்பாக உத்தரவு போட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் கண்டிப்பான உத்தரவு. எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். மறுநாளே அழுகை திரும்பி வந்தது. முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று அம்மா நன்றியோடு சொன்னார்.

ஒரு மதியம் தூக்கத்தை விட்டு, லினன் ரூமில் விரிப்புகளுக்கு நடுவே ஒளிந்து காவல் இருந்தார். கண் எரிந்தது. ஒரு பூனைகூட அழவில்லை. "ஆள் உஷாராயிட்டான்," என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் மனைவி கொஞ்ச நாளாக மகளின் அறையில் படுத்துக்கொள்கிறாள். "உங்க சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல," என்று மட்டும் சொன்னாள். குறட்டைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தைலம் வாங்கி மூக்கில் தடவிக்கொண்டார். சாப்பிடும்போது அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"வேற வேலை பாக்கலாங்க."

"ஏன், இந்த வேலைக்கு என்ன?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒல்லி வந்தான். "நான்தான் சார் அழறது."

டூட்டி சார் அவன் தோளில் கை வைத்தார். "ஏம்ப்பா?"

ஒல்லி இதை யோசித்து வைத்திருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தான், கடைசியில் கீழே பார்த்தான். "ஷூ கடிக்குது சார்."

"ஷூ கடிச்சதுக்கா இத்தனை நாள் அழுத?"

"ரெண்டு காலும் கடிக்குது சார்."

அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டு, அவன் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். வாளியும் துடைப்பமுமாக மாடி முழுக்கத் துடைத்துவிட்டு டவல் மூட்டையில் விழுந்தவர், அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். எழுந்து வந்தால் தொலைபேசி. "இன்னைக்கு ரொம்ப நேரம் தம்பி," என்றார் அம்மா.

ஒல்லி ஹோட்டலிலேயே இல்லாதபோது அழுதது யார்?

"நான்தான் சார்," என்றார் செக்யூரிட்டி, மீசையை நீவியபடி. "வெங்காயம்."

"வாசல்ல ஏதுண்ணே வெங்காயம்?"

"மனசுல இருக்கு சார்."

அவரைத் தொடர்ந்து மாஸ்டர், தன் அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, சின்ன வயதில் என்றார். அக்கா காரணம் எதுவும் சொல்லவில்லை. "நான்தான் அழறேன், எழுதிக்கோங்க," என்றாள்.

ஓர் அழுகைக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடினால் மனிதன் என்ன செய்வான்? கண் கட்டு அம்மாவின் காதை நம்புவது என்று டூட்டி சார் முடிவு செய்தார். அவரே போய் அம்மாவின் அறையில் உட்கார்ந்தார். அவர் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கத்தில் ஒருவர் அழ வேண்டும்.

தட்டினார். செக்யூரிட்டியின் முறை.

"யாரோ மூட்டை தூக்கறாங்க," என்றார் அம்மா.

மறுபடி தட்டினார். மாஸ்டர்.

"இவருக்கு மார்புச் சளி. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு."

லீவு முடிந்து வந்திருந்த ஒல்லி அழ முயன்று, பாதியில் சிரித்துவிட்டான். கடைசியாக அக்கா. முதலில் சின்னதாக ஒரு விசும்பல். பிறகு இன்னொன்று. பிறகு அது நிற்கவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"இது நிஜம் தம்பி. ஆனா இது அந்த அழுகை இல்ல. இவங்க அடக்கி அழறாங்க. அது அடக்காத அழுகை, குழந்தை அழற மாதிரி. போ, போய்த் தண்ணி குடு."

டூட்டி சார் ஓடினார். அக்கா விரிப்புக் குவியலில் முகம் புதைத்திருந்தாள். "சும்மா நடிக்கத்தான் சார் ஆரம்பிச்சேன்," என்றாள் விக்கலுக்கு நடுவே. "ஆரம்பிச்சதும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு." என்ன எல்லாம் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அழுது முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

எழுந்து முகம் துடைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சார், நீங்க மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்குங்களேன். நாங்க பாத்துக்கறோம்."

"அழற ஆளைக் கண்டுபிடிக்காம எப்படிக்கா வீட்டுக்குப் போறது?" என்றார் டூட்டி சார்.

வேறு வழியில்லாமல் அம்மாவை முதல் மாடியில் நல்ல அறைக்கு மாற்றினார். அழுகை இருக்கட்டும், கேட்க ஆள் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லையே. இந்த ஏற்பாடு ஒரே ஒரு நாள் நிம்மதி தந்தது. அடுத்த நாள் ஹோட்டலில் குழாய் உடைந்து கீழ்த்தளம் நனைந்தது. அங்கிருந்த மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு உடனே கொடுக்க, சுத்தம் செய்து தயாராக இருந்தது அந்தக் கடைசி அறை ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு மேலே போனவர், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"உங்க ஹோட்டல்ல பேய் இருக்கு சார்!"

"பேயெல்லாம் இல்ல சார், எங்க ஸ்டாஃப் அழறாங்க," என்று டூட்டி சார் சமாதானம் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு அவர் இன்னும் வேகமாக வெளியேறினார். போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். செத்துப்போன ஸ்டாஃப் அழுகிறார்கள் என்று அது ஊருக்குள் போயிற்று. மூன்று அறைகள் காலியாயின. ஒரு இளைஞர் கூட்டம் மட்டும் பேய் அறை கிடைக்குமா என்று போனில் கேட்டது.

ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். டூட்டி சார் போவதற்குள் அங்கே இன்னொரு கூத்து நடந்து முடிந்திருந்தது. டூட்டி சார் தங்களை நம்பவில்லை என்றதும், ஒல்லி, செக்யூரிட்டி, மாஸ்டர், அக்கா நால்வரும் நேராக ஜி.எம்.மிடமே போய் ஆளுக்கொரு முறை "நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"இது ஹோட்டலாய்யா, இழவு வீடா?" ஜி.எம்.மின் குரல் தாழ்வாரம் வரை வந்தது. "நாளைக்குக் காலையில அவங்க வராங்க. சாயங்காலத்துக்குள்ள நிஜமா அழற ஆள் யாருன்னு சொல்லு. இல்லன்னா நாலு பேருக்கும் ஓய்வு."

டூட்டி சார் வெளியே வந்து சர்வீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தார். மழை கம்பி வழியாக உள்ளே தெறித்தது. ஒல்லிக்கு இரண்டு தங்கைகள். செக்யூரிட்டிக்கு வாசலில் நிற்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மாஸ்டருக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? அக்காவை இன்னொரு முறை அழ வைக்கத் தன்னால் முடியாது.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், அவங்க நாலு பேரும் பொய் சொல்றாங்க. அழறது நான்தான்."

ஜி.எம். நிமிர்ந்தார். "நீயா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

பொய் சொல்ல வராத மனிதர் முதல்முறையாக ஒரு பொய்யைக் கட்ட ஆரம்பித்தார். கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். "அந்தக் காபி சார். அன்னைக்கு என் பொண்ணு ஸ்கூல் விட்டு இங்க வந்திருந்தா. தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தா. நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டதையும் பாத்தா. வீட்டுக்கு வந்து அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல சார். கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன்..."

அதெல்லாம் நடந்ததுதான். பொய் சொல்வதற்கு நடந்ததைச் சொன்னால் போதும் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. குரல் தானாகவே உடைந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டைக் காலரில் விழுந்தது. தனக்குள் இப்படி ஒரு நடிகன் இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று நினைத்துக்கொண்டார். நிறுத்தலாம் என்று பார்த்தார், நடிப்பு நிற்க மறுத்தது.

ஜி.எம். மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு, "சாவியைக் குடுத்துட்டுப் போ," என்றார். "உடம்பைப் பாத்துக்க."

டூட்டி சார் சமையலறைக்கு வந்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அவருக்கு வேலை போயிருந்தது. ஆனாலும் மனசு ஏனோ லேசாக, கழுவி விட்டதுபோல் இருந்தது.

"யாரும் கவலப்படாதீங்க. ஒருத்தரும் எங்கயும் போக வேணாம்," என்றார். "லினன் ரூம்ல அழறது நான்தான்னு ஜி.எம்.கிட்டச் சொல்லிட்டேன்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். 'ஏன் சார் இப்படி ஒரு பொய்?' என்றாவது கேட்பார்கள் என்று நினைத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றினார். மாஸ்டர் அடுப்பை அணைத்தார்.

தொட்டியடியில் நின்ற பாத்திரக்காரப் பெண் குழாயை மூடினாள். நனைந்த கையோடு அவரிடம் வந்தாள்.

"தூக்கத்துல நீங்க அழறது உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதானே சார் இவங்க அத்தனை பேரும் பொய் சொன்னாங்க... யார் சார் உங்ககிட்டப் போய்ச் சொன்னது?"